டியூப் கட்டினா கியர் நிக்கும்.. வண்டி நிக்குமா?

எஸ்டேட் ஜீப்புல போயிருக்கிறவங்க கவனிச்சிருப்பீங்க. மெயின் கியர் லீவருக்குப் பக்கத்துல ரெண்டு குட்டி லீவர் இருக்கும். அதுல ஒண்ணை பழைய சைக்கிள் டியூப் போட்டு சீட்டுக் கம்பியோட இழுத்துக் கட்டியிருப்பாங்க. டியூப் இல்லாத வண்டின்னா டிரைவரோட முழங்கால் அந்த வேலையைப் பார்க்கும். அதுவும் முடியலைன்னா முன் சீட்டுல மாட்டிக்கிட்ட ஜீவன்கிட்ட, "அண்ணே.. அதைக் கொஞ்சம் அமுக்கிப் பிடிச்சுக்கங்க"ன்னு டியூட்டி குடுத்துடுவாங்க.

ஏன்னு கேட்டா ஒரே பதில்தான். "கியர் நிக்க மாட்டேங்குது சார். தெறிச்சு நியூட்ரலுக்கு வந்துடுது."

இந்தப் பதிவுல நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணு. அந்த டியூப் ரிப்பேர் கணக்குல சேராது. கட்டின நாள்ல இருந்து உள்ளே மிச்சம் இருக்கிற நல்ல சாமானையும் சேர்த்துத் தின்ன ஆரம்பிச்சுடும். அதோட, கியர் ஏன் தெறிக்குதுன்னு கண்டுபிடிக்கிறது நாம நினைக்கிற அளவுக்குப் பெரிய வித்தை இல்லை. பாதி வேலை பெட்டியைத் திறக்காமலே முடிஞ்சுடும். கொஞ்சம் நீளமான பதிவு, டீ எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க :)

அந்தப் பெட்டி யாரு?

டிரான்ஸ்ஃபர் கேஸ்னு பேரு. கியர்பாக்ஸுக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டு இருக்கும். எஞ்சின்ல இருந்து வர்ற சக்தியை முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் பிரிச்சுக் குடுக்கிறது இவர்தான். நம்ம மலைகள்ல ஓடுற பழைய மஹிந்திரா ஜீப்புகள்ல இருக்கிற கேஸோட பரம்பரை 1941-க்குப் போகுது. ரெண்டாம் உலகப்போர்ல அமெரிக்க ராணுவம் ஓட்டின வில்லிஸ் ஜீப்புல வந்த ஸ்பைசர் 18-தான் இதோட மூதாதையர். மஹிந்திரா 1947-ல வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்ட ஆரம்பிச்சாங்க. அமெரிக்காவுல 1971 வரைக்கும் ஜீப்புல இந்தக் கேஸ் இருந்துச்சு. நம்ம ஊர்ல அதுக்கப்புறமும் பல வருஷம் தொடர்ந்துச்சு.

ரெண்டு லீவர்ல ஒண்ணு முன் சக்கரத்தைச் சேர்க்கவும் பிரிக்கவும். இன்னொண்ணுக்கு மூணு நிலை.. ஹை, நியூட்ரல், லோ. லோ போட்டா வண்டியோட இழுவை ஏறக்குறைய 2.5 மடங்கு ஆகும், வேகம் அதே அளவுக்குக் குறையும். முன் சக்கரத்தைச் சேர்க்காம லோ விழாது. அவ்வளவு முறுக்கையும் பின் ஆக்சில் தனியா வாங்கினா உடைஞ்சுடும்னு உள்ளேயே பூட்டு வெச்சிருக்காங்க. அந்தக் காலத்து எஞ்சினியர் டிரைவரை நம்பலை போல :)

இன்னொரு விஷயம் முக்கியம். இந்தக் கேஸ்ல சக்தி நேரா பின்னாடி போகாது. ஹை கியர்லகூட நடுவுல இருக்கிற ஒரு கியர் வழியா இறங்கித்தான் போகும். அதாவது வண்டி ஓடுற ஒவ்வொரு நிமிஷமும் அந்த நடுக்கியர், அதோட ஷாஃப்ட், நீடில் பேரிங், ரெண்டு பக்கத்து த்ரஸ்ட் வாஷர் எல்லாம் உழைச்சுக்கிட்டே இருக்கு. ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

தெறிச்சா என்னங்க? திரும்பப் போட்டுக்க வேண்டியதுதானே?

ஏத்தத்துல தெறிச்சா எஞ்சின் அலறும், வண்டி நிக்கும். பயமா இருக்கும், ஆனா டிரைவருக்கு உடனே தெரிஞ்சுடும். இறக்கம்தான் எமன்.

போடியில இருந்து விடியக்காலையில ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கிளம்புற ஜீப்புகளை நினைச்சுக்கங்க. போடிமெட்டு ஏறி பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் போகும். உள்ளே பெரும்பாலும் பெண்கள், மடியில தூக்குவாளி. சாயங்காலம் அதே வண்டி தோட்டத்து மண்பாதையில இறங்கி வரும். கொழுக்குமலையை எடுத்துக்கங்க. மலை தமிழ்நாட்டுல, தேனி மாவட்டத்துல இருக்கு, ஆனா வண்டிப்பாதை கேரளாவுல சூரியநெல்லியில இருந்துதான். சூரிய உதயம் பார்க்கணும்னு இருட்டுலயே ஜீப்ல ஏத்திக்கிட்டுப் போறாங்க. பாதைன்னு சொல்றதே மரியாதைக்குத்தான், பாறைக்கு நடுவுல ரெண்டு கோடு, அவ்வளவுதான்.

இந்த மாதிரி இறக்கத்துல வண்டியைப் பிடிச்சு வெச்சிருக்கிறது பிரேக் மட்டும் இல்லை. லோ கியர்ல எஞ்சின்தான் பெரும்பாலான பாரத்தைத் தாங்கும். டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலுக்கு வந்த அடுத்த நொடி, எஞ்சினுக்கும் நாலு சக்கரத்துக்கும் எந்த உறவும் கிடையாது. மெயின் கியர்பாக்ஸ் ஃபர்ஸ்ட்ல இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. நிறைஞ்ச வண்டியோட மொத்த எடையும் அந்த டிரம் பிரேக் மேல விழும். டிரம் சூடாகச் சூடாகப் பிடிப்பு குறைஞ்சுக்கிட்டே வரும். பதட்டத்துல டிரைவர் மறுபடி லோ போடப் பார்ப்பாரு. சக்கரம் உருண்டுக்கிட்டு இருக்கும்போது அது விழாது, கரகரன்னு பல்லைக் கடிக்கும்.

நிறுத்தி வெச்ச வண்டிக்கும் இதே கதைதான். "கியர்ல போட்டு நிறுத்தியிருக்கேன்"னு நம்பி இறங்கிப் போனா, டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரல்ல இருந்தா அந்தக் கியர் வண்டியைப் பிடிக்கவே பிடிக்காது. சக்கரத்துக்குக் கல் வைக்கிற பழக்கம் சும்மா வந்ததில்லைங்க.

ஏன் தெறிக்குது?

"ஸ்பிரிங் வீக் ஆயிடுச்சு தம்பி, மாத்திடலாம்"னு மெக்கானிக் அண்ணன் சொல்லுவாரு. அது முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

லீவரை நகர்த்தினா உள்ளே ஒரு ராடு நகரும். ராடுல மாட்டியிருக்கிற ஃபோர்க் போய் கியரைத் தள்ளும். ராடுல சின்னச் சின்னப் பள்ளம் வெட்டியிருக்கும். கியர் சரியான இடத்துக்கு வந்ததும் ஒரு குண்டு, ஸ்பிரிங் தள்ள அந்தப் பள்ளத்துல விழுந்து உக்காரும். "டக்"னு ஒரு சத்தம் கேக்குதே, அதுதான்.

இந்தக் குண்டும் ஸ்பிரிங்கும் கியரோட பாரத்தைத் தாங்குறதுக்காக வெச்சது இல்லை. ராடு அதிர்வுல தானா நகராம இருக்க வெச்ச ஒரு சின்ன தாழ்ப்பாள். பாரத்தைத் தாங்குறது பல்லும் பல்லும்தான். பல் நேரா இருந்து, முழு அகலத்துக்கும் உள்ளே போயி, ஷாஃப்ட் ஆடாம இருந்தா, கியர் வெளியே வர எந்தக் காரணமும் இல்லை. அப்படி இருந்தும் வருதுன்னா ரெண்டுல ஒண்ணுதான்:

ஒண்ணு, கியர் முழுசா விழலை. லீவர் எங்கேயோ இடிக்குது, இல்லை ஃபோர்க் வளைஞ்சிருக்கு.

ரெண்டு, முழுசா விழுந்த கியரை ஏதோ ஒண்ணு வெளியே தள்ளுது. பல் சரிவாத் தேய்ஞ்சிருக்கு, இல்லை பேரிங் போயி ஷாஃப்ட் சாய்ஞ்சிருக்கு. சரிவான பல் மேல பாரம் வந்தா கியர் வழுக்கிக்கிட்டு வெளியேதான் வரும்.

இப்ப டியூப்புக்கு வாங்க. வெளியே தள்ளுற கியரை லீவரைக் கட்டி நிறுத்தினா, அந்தத் தள்ளு முழுக்க எங்கே போகும்? ஃபோர்க் மேல. ஃபோர்க் கியரைத் தள்ளி விட்டுட்டு சும்மா இருக்க வேண்டிய சாமான். அதை நாள் பூரா சுத்துற கியர் மேல அழுத்தி வெச்சா, ரெண்டும் உரசி உரசிச் சூடாகி ஃபோர்க் மெலிஞ்சுடும். ஃபோர்க் மெலிஞ்சா கியர் இன்னும் குறைவா விழும். அப்புறம் இன்னும் இறுக்கமா ஒரு டியூப்! ஸ்பிரிங்குக்குப் பின்னாடி வாஷர் குடுத்து இறுக்குறதும் இதே ஜாதிதான். கூடுதலா, லீவர் கல்லு மாதிரி ஆகி டிரைவர் பாதியிலயே விட்டுடுவாரு.

எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நான் மெக்கானிக் இல்லை. பழைய ஜீப் ஒண்ணை வெச்சுக்கிட்டு ஞாயித்துக்கிழமை ஸ்பானர் பிடிக்கிற ஆளு. ஆனா வரிசை மட்டும் மாத்தக்கூடாதுன்னு தெரியும். வெளியில இருந்து உள்ளே போகணும், செலவு இல்லாததுல இருந்து செலவுக்குப் போகணும்.

1) எந்த லீவர் நகருது? தெறிக்கும்போது நகர்றது மெயின் கியரா, டிரான்ஸ்ஃபர் லீவரா? சாக்பீஸ்ல லீவருக்கு நேரா தரையில ஒரு கோடு போட்டா தெரிஞ்சுடும். எந்த லீவரும் நகராம இழுவை மட்டும் போகுதுன்னா, ஃபோர்க்கை ராடோட பிடிக்கிற ஸ்க்ரூ லூஸாகியிருக்கலாம். அப்ப டியூப் கட்டினாலும் நிக்காது.

2) எப்போ தெறிக்குது? ஆக்சிலேட்டர் குடுக்கும்போதா, காலை எடுக்கும்போதா? பல்லுக்கு ரெண்டு பக்கம் உண்டு. எஞ்சின் சக்கரத்தைத் தள்ளும்போது ஒரு பக்கம் பாரம் தாங்கும், இறக்கத்துல சக்கரம் எஞ்சினைத் தள்ளும்போது மறுபக்கம். ஒரு நிலையில மட்டும் தெறிச்சா பல்லைச் சந்தேகப்படலாம். பள்ளத்துல குதிக்கும்போது மட்டும்னா மவுண்டிங், லீவர், ஸ்பிரிங்.

3) எந்தக் கியர்ல? லோவுல மட்டும்னா அந்தப் பல், அந்தப் பள்ளம். ஹை, லோ ரெண்டுலயும்னா ரெண்டுக்கும் பொதுவான ஷாஃப்ட், பேரிங், ஃபோர்க்.

4) லீவருக்கு இடம் இருக்கா? ரப்பர் பூட்டைக் கழட்டிட்டு லோ போட்டுப் பாருங்க. லீவர் தரைத்தகட்டுல இடிக்குதா? மேலே போட்ட மேட், புதுசா வெச்ச சீட்டுக் கம்பி தடுக்குதா? லீவர் கேஸ் மேல நிக்குது, தரை பாடியில நிக்குது. எஞ்சின், கியர்பாக்ஸ் மவுண்டிங் ரப்பர் நொந்து போயிருந்தா, பாரம் வரும்போது மொத்த செட்டும் திரும்பும், தரை திரும்பாது. அப்ப தரையே லீவரைத் தள்ளி விட்டுடும். மாருதி ஜிப்சி வெச்சிருக்கிறவங்க முதல்ல இதைத்தான் பார்க்கணும். அதுல டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோட ஒட்டாம தனியா ரப்பர் மவுண்டிங்ல தொங்குது. ரப்பர் கிழிஞ்சா கேஸ் தாராளமாத் திரும்பும்.

5) ஆயிலைப் பாருங்க. வடிச்சு வெள்ளைத் தட்டுல ஊத்துங்க. தங்கப்பொடி மாதிரி மின்னினா த்ரஸ்ட் வாஷர் தேயுது. இரும்புச் சில்லு காந்தத்துல ஒட்டினா பல் இல்லை பேரிங். இந்தக் கேஸ்ல இன்னொரு வேடிக்கையும் உண்டு. கியர்பாக்ஸ் ஆயிலும் இதோட ஆயிலும் நடுவுல கசிஞ்சு இடம் மாறும். ஒண்ணு நிரம்பி வழிய, இன்னொண்ணு காய்ஞ்சு கிடக்கும். அதனால ரெண்டு லெவலையும் பார்க்கணும்.

6) ஆட்டம் எவ்வளவு? அடியில போயி பின் புரொபெல்லர் ஷாஃப்ட் மாட்டுற இடத்தைக் கையால பிடிச்சு மேல கீழ, முன்ன பின்ன ஆட்டிப் பாருங்க. அவுட்புட் ஷாஃப்டுக்கு முன்பின் ஆட்டம் 0.004-ல இருந்து 0.008 அங்குலம் வரைக்கும்தான் இருக்கலாம். அதாவது 0.1 - 0.2 மில்லிமீட்டர். கையில "டொக்கு டொக்கு"ன்னு தெரிஞ்சா அது அளவு தாண்டிப் போச்சு.

7) ஸ்பிரிங், குண்டு. வெளியில இருக்கிற பிளக்கைக் கழட்டினாலே வந்துடும். குண்டு தட்டையாயிருந்தா, ஸ்பிரிங் உடைஞ்சிருந்தா மாத்துங்க. மாத்தியும் தெறிச்சா அதோட விட்டுடுங்க, அதைவிடப் பலமான ஸ்பிரிங் தேடாதீங்க.

8) அடித்தகடு. இதுதான் இந்தக் கேஸோட பெரிய வரம். அடியில இருக்கிற தகட்டை போல்ட் கழட்டி எடுத்தா, பெட்டியை இறக்காமலே கியர் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். டார்ச் அடிச்சு ஒவ்வொரு பல்லா சுத்திப் பாருங்க. கியரை லோவுல போட்டு, பல் முழு அகலத்துக்கும் மாட்டியிருக்கான்னு பாருங்க. ஃபோர்க் நேரா இருக்கா, நடுக்கியர் ஷாஃப்ட் மேல ஆடுதான்னு பாருங்க. அந்த நடுக்கியரைக்கூட வண்டிக்கு அடியில இருந்தே எடுத்து மாட்டலாம்.

அடியில படுக்கிறதுக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கை. பழைய ஜீப்புகள்ல ஹேண்ட்பிரேக் இந்தக் கேஸோட பின்பக்கம்தான் இருக்கும். பின் புரொபெல்லர் ஷாஃப்டைக் கழட்டிட்டா ஹேண்ட்பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது. சமதரை, நாலு சக்கரத்துக்கும் கட்டை. இது ரெண்டும் இல்லாம அடியில போகாதீங்க.

எது ரிப்பேர், எது ஒட்டு?

நடுக்கியர் ஷாஃப்ட் தேய்ஞ்சிருந்தா ஷாஃப்ட், நீடில் பேரிங், த்ரஸ்ட் வாஷர் மூணையும் ஒண்ணா மாத்தணும். பேரிங் மட்டும் புதுசு போட்டா தேய்ஞ்ச ஷாஃப்ட் அதைச் சீக்கிரம் முடிச்சுடும். அவுட்புட் ஷாஃப்ட் ஆடினா பேரிங் பார்த்து, பின்மூடிக்கு அடியில ஷிம் தகடு குறைச்சு ஆட்டத்தைச் சரி பண்ணணும். பல் போயிருந்தா அந்தக் கியரும் அதோட மாட்டுற கியரும் ஜோடியா. வளைஞ்ச ஃபோர்க் புதுசுதான்.

பல்லு மேல வெல்டிங் வெச்சு கிரைண்டர் பிடிக்கிறது, ராடுல பள்ளத்தை அரம் போட்டு ஆழமாக்குறது.. இதெல்லாம் ஒட்டு. கியர் பல்லோட மேல்தோலைத்தான் கடினப்படுத்தியிருப்பாங்க. வெல்டிங் சூட்டுல அந்தக் கடினம் போயிடும். புதுப்பல் மாதிரி தெரியும், வெண்ணெய் மாதிரி தேயும்.

"சாமான் கிடைக்காதுங்க"ன்னு ஒரு சாக்கு வரும். பல லட்சம் வண்டி ஓடின வடிவமைப்பு இது. இன்னைக்கும் சாமான் செய்யுறாங்க, விக்கிறாங்க. மஹிந்திரா சாமானுக்கும் பழைய ஜீப் கடைகள் இருக்கு. தேட ரெண்டு நாள் ஆகலாம், அவ்வளவுதான்.

மறுபடியும் ஏன் வருது?

நல்லா ரிப்பேர் பண்ணியும் திரும்ப வருதுன்னா டயரைப் பாருங்க! முன்னாடி மொட்டை டயர், பின்னாடி புது டயர். மொட்டை டயரோட சுற்றளவு குறைவு. ஃபோர் வீல் போட்டதும் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே வேகத்துல சுத்தியாகணும், ஆனா டயர் வேற வேற தூரம் உருளும். மண்ணுலயாவது டயர் சறுக்கி சரி பண்ணிக்கும். தார்ரோட்டுல சறுக்காது. அந்த வித்தியாசம் முழுக்க ஷாஃப்டுல முறுக்கா ஏறி, கடைசியில டிரான்ஸ்ஃபர் கேஸ் பல்லுல போய் நிக்கும். தார்ரோட்டு வளைவுல ஃபோர் வீல் போட்டு ஓட்டினாலும் இதே முறுக்குதான்.

இன்னொரு காரணம், ஓடுற வண்டியில லோ போடுறது. ஒவ்வொரு "கர்ர்ர்"ருக்கும் பல்லோட நுனி கொஞ்சம் மழுங்கும். முழுசா நின்னு, கிளட்ச் மிதிச்சு, லோ போட ஐஞ்சு நொடி ஆகுமா?

கடைசியா என் கருத்து

டியூப் கட்டுறது டிரைவரோட சோம்பேறித்தனம்னு சொல்றவங்களைப் பார்த்திருக்கேன். எனக்கு அது நியாயமாப் படலை. டிரைவர் சொல்லாம இருக்கிறதில்லை. சொன்னா "இந்த சீசன் முடியட்டும்"னு ஓனர் சொல்றாரு. வண்டி நின்னா அன்னைக்கு டிரைவருக்குக் கூலி இல்லை, தோட்டத்துக்குப் போறவங்களுக்கும் கூலி இல்லை. அதனால எல்லாரும் சேர்ந்து அந்த டியூபை ஒத்துக்கிறாங்க. உயிர் மட்டும் உள்ளே உக்கார்ந்திருக்கிறவங்களோடது.

எஞ்சின் புகைஞ்சா ஓனர் உடனே பார்க்கிறாரு, டீசல் செலவு கண்ணுக்குத் தெரியுது. டிரான்ஸ்ஃபர் கேஸ் தெறிச்சா செலவு தெரியுறதில்லை, அதனால அவசரமும் இல்லை. அந்த அவசர வரிசையை மாத்தணும்ங்கிறதுதான் என் கட்சி. இறக்கத்துல கியர் தெறிக்குற வண்டியை பிரேக் இல்லாத வண்டியா நினைக்கணும். பிரேக் இல்லாத வண்டியில ஆள் ஏத்துவீங்களா? மாட்டீங்கல்ல? அப்ப இதுலயும் ஏத்தாதீங்க.

மேலே சொன்ன எட்டுல முதல் ஆறுக்கு ஒரு நாள் வண்டி நின்னா போதும். அதுலயே கோளாறு தெரிஞ்சுட்டா பெட்டியைத் திறக்கவே வேண்டாம். ஓனர் மனசு வெச்சா அந்த ஒரு நாள் கூலியையும் டிரைவருக்குக் குடுத்துடலாம். அது குடுத்தா, அடுத்த தடவை கியர் லேசா நழுவும்போதே அவர் வந்து சொல்லுவாரு.

டிஸ்கி 1: இதுல சொன்ன அளவும் அமைப்பும் பழைய ஜீப் கேஸுக்கு மட்டும். புது வண்டிகள்ல கேஸ் வேற மாதிரி, அதுக்கு அந்தந்த வண்டியோட மேனுவலைப் பாருங்க.

டிஸ்கி 2: யாராவது "அண்ணே, அமுக்கிப் பிடிச்சுக்கங்க"ன்னு சொன்னா வண்டியை விட்டு இறங்கிடுங்க. நடந்து போனா காலு வலிக்கும், அவ்வளவுதானே :)